பெரியவங்க பாஷை

பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே என் வலது கால் ஓய்ந்துபோன வருஷம் அது. மகளுக்கு அப்போதுதான் கார் ஓட்டிப் பழகுகிற பர்மிட் வந்திருந்தது. இங்கே அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்குகிறவரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் முதல் வாரத்திலேயே, "எனக்கு நெஞ்சு தாங்காதுட்டி, நீயே போ" என்று கழன்றுகொண்டார். அதனால் சனி ஞாயிறெல்லாம் ரூட் ஒன் ஹைவேயில் நானும் மகளும்தான். பெரிய லாரி வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவள், "அம்மா, யூ ஆர் நாட் ஹெல்ப்பிங்" என்பாள்.

இதற்கு நடுவில் என் தங்கையின் போன் வரும். அவள் சான் ஹோசேயில் இருக்கிறாள். இங்கே எனக்கு மத்தியானம் என்றால் அங்கே அவளுக்குக் காலை. காரில் போனை எடுத்தால் நாலு பக்கமும் அவள் குரல்தான் கேட்கும். ஆகவே ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே நான் எங்கள் வீட்டுப் பாஷையில் ஒரு வாக்கியம் சொல்லிவிடுவேன். "பாத்துப் பேசு, பிள்ளை கேக்குது." அது காதில் விழுந்ததும் தங்கை தன் தமிழையும் இங்கிலீஷையும் கழற்றி வைத்துவிட்டு, சுத்த சௌராஷ்டிரத்துக்கு வந்துவிடுவாள். லேஆஃப் என்ற வார்த்தையைச் சொல்லாமல் லேஆஃபைப் பற்றி அரைமணி நேரம் பேச எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த வாக்கியத்தை எங்கள் பாஷையிலேயே இங்கே எழுதிக்காட்டலாம்தான். ஆனால் தமிழெழுத்தில் எழுதினால் அதில் இருக்கிற மூச்செல்லாம் போய்விடும். எங்களுக்கென்று தனி எழுத்து உண்டு. எனக்கு அதை வாசிக்க வராது. என் மாதிரி ஆட்கள்தான் மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

மதுரையில் எங்களுக்கு வாசல்படி தாண்டினால் தமிழ், உள்ளே வந்தால் சௌராஷ்டிரம். அதை யாரும் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததில்லை. செருப்பை வெளியே விடுகிற மாதிரி தமிழை வெளியே விட்டுவிட்டு வருவோம். பிறகு நானும் தங்கையும் ஆளுக்கொரு வெளி மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் திருநெல்வேலி, அவள் வீட்டுக்காரர் சென்னை. அதோடு இரண்டு வீட்டுக்குள்ளும் தமிழ் வந்து உட்கார்ந்துகொண்டது, பிள்ளைகள் வளர வளர இங்கிலீஷும். எங்கள் ஆட்கள் கூடுகிற இடம் இந்த ஊரிலும் இருக்கிறது. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பெரியவர்கள் சௌராஷ்டிரத்தில் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் இங்கிலீஷில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் போகவில்லை. ஆக, தினசரி நான் வாயைத் திறந்து என் பாஷையைப் பேச உலகத்தில் ஒரே ஆள் தங்கை.

பேசுவதும் பெரும்பாலும் மூன்று விஷயம்தான். காசு, வியாதி, சண்டை. அவள் வீட்டுக்காரருக்கு வேலை போனது, எனக்குப் பித்தப்பையில் கல் வந்தது, மாமியார் சொன்னது, நாத்தனார் சொல்லாதது. என் வீட்டுக்காரர் ஹாலைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நின்று, "அக்காளும் தங்கச்சியும் யாரை ஏசுதீய, என்னையத்தான?" என்பார். ஆமாம், அவரைத்தான் என்று அதே பாஷையில் பதில் சொல்வேன். மனுஷன் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்ல வேண்டும். வயதில் எனக்கு மூத்தவள். ஆனால் இங்கிலீஷிலேயே பழகியவளைத் தமிழில் 'அவர்' போட்டு எழுத எனக்கு வரவில்லை. பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். பிறந்து வளர்ந்தது பக்கத்திலேயே ட்ரென்டனில், அப்பா அம்மா இத்தாலிக்காரர்கள். இத்தாலி பூட்ஸ் மாதிரி இருக்கும் இல்லையா, அதன் நுனிக்கால் பக்கம் கலாப்ரியா என்று ஓர் இடம். அங்கே மலைமேல் ஒரு சின்ன ஊர்.

அவளுக்கும் எனக்கும் வேலியோரத்தில் பழக்கம். அவள் தக்காளி கொடுப்பாள், நான் கறிவேப்பிலை கொடுப்பேன், அதை என்ன செய்தாளோ தெரியாது. ரிட்டயர் ஆனதும் சாயங்கால வகுப்பில் சேர்ந்து இத்தாலியன் படித்தாள். முதல் நாளே டீச்சர் அவளைத் திருத்தினாளாம். இவர்கள் வீட்டில் ரிகோட்டா சீஸை 'ரிகாட்' என்று கடைசி எழுத்தைக் கடித்து விழுங்கித்தான் சொல்வார்கள். "அது தப்பு, அப்படி ஒரு வார்த்தையே கிடையாது" என்றிருக்கிறாள் டீச்சர். இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். "எங்கம்மா இன்னைக்கும் அப்படித்தான் சொல்றாங்க, அது எப்படித் தப்பாகும்?" என்று வேலியைத் தட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

அப்பா அம்மாவின் ஊருக்கும் ஒரு தடவை போய் வந்தாள். அங்கே இளசுகள் எல்லாரும் டிவி இத்தாலியன் பேசுகிறார்களாம். முன்னே ஊருக்கு ஊர் ஒரு பேச்சு இருந்தது, ஒரு மலைக்காரன் பேசுவது அடுத்த மலைக்காரனுக்குப் பாதிதான் புரியும். பள்ளிக்கூடமும் டிவியுமாகச் சேர்ந்து எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டன. கடையில் இவள் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையைச் சொன்னதும், கடைக்காரப் பையன் சிரித்துவிட்டு, எங்கள் கொள்ளுத்தாத்தா இப்படித்தான் பேசுவார் என்றானாம். அந்த நாலு வார்த்தைக்கு மேல் உனக்கு ஏன் தெரியாது என்று கேட்டேன்.

"எப்படித் தெரியும்? அது அப்பாவும் அம்மாவும் கிச்சன்ல பேசிக்கிறது. நான் உள்ள போனா நின்னுடும், இல்லன்னா இங்கிலீஷுக்கு மாறிடும். அது பெரியவங்க பாஷை" என்றாள். அவள் இங்கிலீஷில் சொன்னதைத்தான் என் தமிழில் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லி நான் அன்றைக்குச் சிரித்தேன். எனக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

குளிர் முடிகிற சமயத்தில் அவள் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. தொண்ணூறைத் தொட்ட அம்மாள். உயிர் பிழைத்தார், ஆனால் இத்தனை வருஷம் பேசிய இங்கிலீஷ் மொத்தமும் போய்விட்டது. கடைசியில் கற்றது முதலில் போகும், அப்படி நடப்பதுண்டு என்றார்களாம் டாக்டர்கள். மிச்சம் இருந்தது கிச்சன் பாஷை மட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுபோய்ச் சேர்த்த மறுவாழ்வு மையத்தில் போனில் ஓர் இத்தாலியன் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண் பாவம், கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, "மன்னிக்கணும், இது எனக்குத் தெரிஞ்ச இத்தாலியன் இல்லை" என்று வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் என் கிச்சனில் வந்து உட்கார்ந்து அழுதாள். தான் அறைக்குள் காலை வைத்ததும் அம்மா ஏதோ கேட்கிறார் என்றாள். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம், விரலை உயர்த்திக்கொண்டு. தண்ணீரா என்று கொண்டுபோனாள், இல்லை. போர்வையா, இல்லை. ஜெபமாலையைக் கையில் வைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள், வீட்டிலிருந்து அம்மாவின் காபி கெட்டிலையே தூக்கிக்கொண்டு போனாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

"எத்தனை நாள் இருப்பாங்கன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. ஒரே ஒரு விஷயம்தான் கேக்கறாங்க. அதைக்கூட என்னால குடுக்க முடியலையே" என்றாள்.

அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு மீட்டிங்கில் யார் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்குள் நடந்தேன், மாடிக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் இறங்கினேன். நாளைக்கு எனக்கும் மண்டைக்குள் ஒரு நரம்பு வெடித்தால்? முதலில் இங்கிலீஷ் போகும். அப்புறம் தமிழ் போகும், ஏனென்றால் எனக்கு அதுவும் வாசலுக்கு வெளியே கற்றதுதான். மிச்சம் இருக்கிறதில் நான் தண்ணீர் கேட்டால் என் மகள் ஜன்னலைச் சாத்துவாள். இந்த நினைப்பு வந்ததும் எனக்கு உண்மையிலேயே நாக்கு வறண்டுபோனது.

மகள் ஸ்கூலிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டேன். "நம்ம பாஷைல தண்ணிக்கு என்ன சொல்லு?"

"தண்ணி."

"அது தமிழ். அம்மாவோட பாஷைல?"

"அம்மா, இஸ் திஸ் அபௌட் தி இட்டாலியன் லேடி? எனக்குத் தமிழே தகராறு. இப்ப இன்னொண்ணு வேறயா? எனக்கு ஃபிஸிக்ஸ் டெஸ்ட் இருக்கு." ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. எனக்குத்தான் ஆத்திரம், யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

தங்கைக்குப் போன் போட்டு அதை இறக்கி வைத்தேன். "நாம ரெண்டு பேரும் போயிட்டா இது ரெண்டு வீட்டுலயும் காலி, தெரியுமா உனக்கு? உன் பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை தெரியுமா? என் பிள்ளைக்குத் தண்ணி கேக்கத் தெரியலடி!"

"அக்கா, சாப்பிடுற நேரத்துல ஏன்க்கா சாவைப் பத்திப் பேசுற?"

"இன்னைலேர்ந்து பிள்ளைங்ககிட்ட நம்ம பாஷைலயே பேசு. நானும் பேசறேன்."

அவள் ரொம்ப நியாயமாகத்தான் கேட்டாள். "அதுங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டா, அப்புறம் நாம எதுலக்கா பேசுறது?"

அவள் வீட்டுக்காரருக்கு வேலை போன விஷயம் பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாது. அப்பா வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை மூடிவைத்திருந்த ஒரே மூடி எங்கள் பாஷைதான்.

சும்மா இருக்க என்னால் ஆகாது. ட்ரென்டன், ஹாமில்டன் பக்கம் இருக்கிற இத்தாலியன் பேக்கரிகளுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தேன். வரன் தேடுகிற மாதிரி ஊர் பெயரைச் சொல்லி, அந்த மலைப் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். சிலர் நான் ஏதோ விற்கிறேன் என்று வைத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பேக்கரிக்காரம்மா, "சனிக்கிழமை வாங்க. கூரை போடற வேலை பார்த்துட்டு ரிட்டயர் ஆன ஒருத்தர் இங்க சீட்டாட வருவார். அவருக்கு அந்தப் பக்கம்தான்" என்றாள்.

சனிக்கிழமை மகள்தான் ஓட்டினாள், லைசென்ஸுக்கு வேண்டிய ஓட்டும் மணிநேரம் அவளுக்குச் சேர வேண்டியிருந்தது. பின்சீட்டில் பக்கத்து வீட்டுக்காரி. பேக்கரி வாசலில் அந்தப் பெரியவர் தொப்பியும் சட்டையுமாக, ஷேவிங் லோஷன் வாசனையோடு தயாராக நின்றுகொண்டிருந்தார். காரில் ஏறியதும் அவள் அம்மாவின் ஊர் பெயரைக் கேட்டுவிட்டு, "ஓ, எதிர்மலையா! எங்களுக்கும் அவங்களுக்கும் ஆகவே ஆகாது" என்றார். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "பேசறது மட்டும் புரியும், கவலைப்படாதே" என்று கையைத் தட்டிக்கொடுத்தார். என் மகள் ரவுண்டானாவில் ஒரு வேனுக்கு முன்னால் புகுந்தாள், நான் பிரேக்கை மிதித்தேன்.

மையத்தில் பக்கத்து வீட்டுக்காரியை நர்ஸ் ஏதோ பேச நிறுத்திக்கொண்டாள். நாங்கள் மூன்று பேர் மட்டும் முதலில் அறைக்குள் போனோம். அம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பெரியவர் தொப்பியை எடுத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னமோ சொன்னார்.

அந்த அம்மாள் திரும்பினார். முதலில் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார் பாருங்கள், அடேயப்பா! வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, அதையெல்லாம் அவர் சட்டை பண்ணவில்லை. கை ஒன்று வேலை செய்யாததற்கும் சேர்த்து இன்னொரு கை பேசியது. பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார், பிறகு தலையில் அடித்துக்கொண்டார், குனிந்து காதைக் கொடுத்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் யாரையோ உரித்துத் தொங்கவிடுகிறார் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. தங்கையும் நானும் பேசும்போது வீட்டுக்காரருக்கு இப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது.

என் மகள் கதவருகில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "ஷீ இஸ் ஸோ ஃபன்னி" என்று கிசுகிசுத்தாள். புரியாமலேதான் சொன்னாள்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி பேப்பர் கப்பில் காபியோடு உள்ளே வந்தாள். அம்மாளின் பேச்சு அப்படியே நின்றது. பெரியவரைப் பார்த்து விரலை உயர்த்தி, குரலைத் தாழ்த்தி, அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"அதுதான்! அதேதான்!" என்று காபி சிந்த ஓடிவந்தாள் இவள். "என்ன வேணுமாம்? என்ன கேக்கறாங்க? சொல்லுங்க!"

பெரியவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பினார். தரையைப் பார்த்தார். "உன்கிட்ட ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். "என்கிட்ட சொல்றாங்க. 'பேசாதே, பொண்ணு காதுல விழும்'ங்கறாங்க."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மகள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

"எனக்கு அறுபத்து நாலு வயசு, மா!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டுக்காரி. கத்தும்போதே சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகை வந்தது. "அறுபத்து நாலு!" அம்மாள் அவளைப் பிரியமாகத்தான் பார்த்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"சரி, இவ்வளவு நேரம் என்னதான் சொன்னாங்க?" என்று பெரியவரிடம் கேட்டாள்.

அவர் சொல்லத்தான் வாயெடுத்தார். கட்டிலைப் பார்த்தார். அம்மாளின் கண் அவர் மேலேயே இருந்தது. "பெரியவங்க விஷயம்" என்று சொல்லித் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

எனக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபியை அம்மா பக்கத்தில் வைத்தாள், நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிறகு தானாகவே அறையைவிட்டு வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா இத்தனை நாளாக, பக்கத்தில் இல்லாத அப்பாவிடம் என்று நினைத்தோ என்னவோ, சொல்லிக்கொண்டிருந்ததற்கு அது ஒன்றுதான் வழி. உள்ளே பேச்சு மறுபடியும் தொடங்கியது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்ததும், பக்கத்து வீட்டுக்காரி கதவில் காதை வைத்து நின்றுகொண்டாள். புரியாத பேச்சைக் கேட்டுக்கொண்டு, அம்மா சிரித்த இடத்தில் அவளும் சிரித்தாள்.

பெரியவரை பேக்கரியில் இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். வாரா வாரம் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். பின்சீட்டுக்காரி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். மகள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒழுங்காகத்தான் ஓட்டினாள், எனக்குத்தான் கால் நிற்கவில்லை. அவளிடம் என்னமோ சொல்ல வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ரூட் ஒன்னுக்குள் நுழையும்போது கார் முழுக்க மணி அடித்தது. தங்கை. நான் பட்டனை அழுத்தினேன். பழகிப்போன அந்த வாக்கியத்தை அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

"அக்கா? அக்கா, இருக்கியா?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என் மகள் அதைச் சொன்னாள். எங்கள் பாஷையில், முழு வாக்கியத்தையும். மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டு, நான் இழுக்கிற இடத்தில் இழுத்து, என் குரலிலேயே சொன்னாள்.

தங்கைக்குச் சந்தேகமே வரவில்லை. உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, சுத்த சௌராஷ்டிரத்தில், வீட்டுக்காரருக்கு இன்னும் இன்டர்வியூ வரவில்லை, பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று கொட்டத் தொடங்கிவிட்டாள்.

"அம்மா! சித்தி எனக்கு ஆன்ஸர் பண்றாங்க!" மகள் சீட்டிலேயே துள்ளினாள். "ஐ ஸெட் இட் ரைட்!"

"நிறுத்துடி" என்றேன் தங்கையிடம். "பேசினது நான் இல்ல. உன் அக்கா மக."

தங்கை அய்யய்யோ என்று போனை வைத்துவிட்டாள்.

"எப்பக் கத்துக்கிட்ட?" என்று மகளைக் கேட்டேன்.

"கத்துக்கவெல்லாம் இல்ல. நீ எப்பவும் ஃபர்ஸ்ட் அதைத்தான சொல்லுவ? ஹலோ மாதிரின்னு நினைச்சேன். இல்லையா? என்ன மீனிங்?"

பின்சீட்டில் இருந்தவளும் தலையைத் தூக்கினாள். மகள் என்ன சொன்னாள் என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கிலீஷிலேயே சொன்னேன். பார்த்துப் பேசு, பிள்ளை கேட்குது.

பக்கத்து வீட்டுக்காரி பின்னாலிருந்து என் தோளில் கையை வைத்தாள். மகளுக்குப் புருவம் சுருங்கியது. முன்னால் சிவப்பு விழுந்தது, அழகாக நிறுத்தினாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பிள்ளை?"

"நீதான்."

"ஆனா அம்மா," என்றாள், "நான் லிஸன் பண்ணவே இல்லையே."